ஏறும்போது சும்மா இருந்த தொடை, இறங்கிய பிறகு வலிப்பது ஏன்?

படிதாண்டி

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. நிறையப் படிகள் உள்ள ஒரு குன்றில் ஏறி இறங்கினேன். ஏறும்போது நாக்கு தள்ளிவிட்டது, நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போனேன். இறங்கும்போது ஒரு சிரமமும் இல்லை, பேசிக்கொண்டே வந்துவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் லேசாகப் பிடித்தது. அதற்கும் அடுத்த நாள்தான் வேடிக்கை: நாற்காலியில் உட்காரவே கைப்பிடியைத் தேட வேண்டியிருந்தது. வலி முழுக்கத் தொடையின் முன்பக்கம். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் "லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது" என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. என்னோடு ஏறிய ஒருவர் இறங்குவதற்கு மட்டும் ரோப் காரில் போனார். அவருக்கு வலியே இல்லை. அமிலம் சேர்ந்திருந்தால் மூச்சு வாங்க ஏறிய எங்கள் இரண்டு பேருக்கும்தானே சேர்ந்திருக்க வேண்டும்? உடற்கூறு தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தூக்குவோம்

ப்ரோ, அது லாக்டிக் அமிலமேதான். வார்ம் அப் பண்ணாமல் ஏறியிருப்பீர்கள், தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பீர்கள். நன்றாக உருவிவிட்டால் அமிலம் கரைந்து போய்விடும். ஜிம்மில் கால் பயிற்சி செய்கிற எல்லோருக்கும் இது வருவதுதான்.

நாணும்தசையும்

நான் இயன்முறை சிகிச்சை செய்பவள். லாக்டிக் அமிலத்தின் மேல் இந்தப் பழியைப் போடுவதை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை.

முதலில் நேரக்கணக்கைப் பாருங்கள். கடும் பயிற்சியில் இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம் இதுதான்), ஓய்வெடுத்த சுமார் ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு அருகில் வந்துவிடும். இந்த வலியோ 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. வீட்டை விட்டு என்றோ போனவர் இன்று திருடினார் என்று சொல்வதற்கு இது சமம். இரண்டாவது, லாக்டேட் அதிகம் உருவாவது மூச்சு வாங்கும் வேலையில். நீங்கள் பேசிக்கொண்டே இறங்கியபோது அது கொஞ்சம்தான் உருவாகியிருக்கும். ரோப் காரில் போனவரின் தொடை அதற்குச் சாட்சி.

1902இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் விரல் மடக்கும் தசைகளை வைத்துச் சோதித்துப் பார்த்து, களைப்பால் அப்போதைக்கு வரும் வலி வேறு, தாமதமாக வரும் வலி வேறு என்று பிரித்தார். இரண்டாவதற்குத் தசைக்குள்ளேயே ஏற்படும் சிறு கிழிசல்கள் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார்.

இப்போது தொடைக்கு வருகிறேன். முன்தொடையில் இருப்பது குவாட்ரிசெப்ஸ் என்ற நான்கு தலைத் தசை. மூன்று தலைகள் தொடை எலும்பிலிருந்தே தொடங்குகின்றன; ஒன்று மட்டும் இடுப்பெலும்பிலிருந்து வருவதால் இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. நான்கும் சேர்ந்து ஒரே நாணாகி (தசையை எலும்போடு கட்டும் கயிறுதான் நாண்), முழங்கால் சில்லைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே போய் முன்காலின் பெரிய எலும்பில் ஒட்டுகிறது. இந்தத் தசை சுருங்கினால் முழங்கால் நீளும். படி ஏறும்போது நடப்பது அதுதான். இறங்கும்போது என்ன? மேல்படியில் நிற்கும் காலின் முழங்கால் மெல்ல மெல்ல மடங்க, உடம்பு கீழே போகிறது. மடக்குவது புவியீர்ப்பு. அது சட்டென்று மடங்கி நீங்கள் உருண்டு விழாமல் பிடித்து நிறுத்துவது அதே முன்தொடைத் தசை. அதாவது, இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது நீளமாகிக்கொண்டிருக்கிறது. வலிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஐயமுடையான்

ஒரு நிமிடம். தசை வேலை செய்வது என்றால் சுருங்குவது என்றுதான் பள்ளியில் படித்தோம். வேலை செய்துகொண்டே நீள்கிறது என்றால் எப்படி? நீள்வது என்றால் தளர்வது இல்லையா?

ஓய்வில்இருப்பவன்

முப்பது வருடத்துக்கு மேல் உயிரியல் நடத்தியவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன், நாணும்தசையும் மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தசைக்குத் தெரிந்த ஒரே வேலை இழுப்பது. தள்ளத் தெரியாது. அதனால்தான் உடம்பில் தசைகள் பெரும்பாலும் எதிரெதிர் ஜோடியாக இருக்கின்றன: கையை மடக்க ஒரு கூட்டம், நீட்ட இன்னொரு கூட்டம். ஆனால் இழுப்பது என்பதும் குட்டையாவது என்பதும் ஒன்றல்ல. இழுக்கும் விசையைவிட எதிர்ப்பு குறைவாக இருந்தால் தசை குட்டையாகும். சமமாக இருந்தால் அதே நீளத்தில் நிற்கும். எதிர்ப்பு அதிகமாக இருந்தால், இழுத்துக்கொண்டே நீளும். வடம் இழுக்கும் போட்டியில் தோற்கிற அணியைப் பாருங்கள். அவர்கள் இழுப்பதை விட்டுவிடவில்லை, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டேதான் முன்னால் போகிறார்கள்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தசை என்பது இழைகளின் கட்டு. ஒவ்வொரு இழையும் ஒரே செல், ஆனால் பல உட்கருக்கள் கொண்டது. அந்த இழைக்குள் இன்னும் மெல்லிய நுண்ணிழைகள். அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் பட்டைகள் தெரியும். ஒரு பட்டைத் தொகுதியின் பெயர் சார்கோமியர். நீளம் சுமார் இரண்டு, இரண்டரை மைக்ரோமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் இழையில் 400 சார்கோமியர் வரிசையாக இருக்கும். 10 சென்டிமீட்டர் நீள இழை என்றால் 40,000. ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் சுருங்கினால் போதும், மொத்த இழை 2 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும்.

அது எப்படிச் சுருங்குகிறது என்பது 1954 வரை சரியாகத் தெரியாது. புரதம் சுருள் போல மடிகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நேச்சர் பத்திரிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை. மாணவர்கள் ஆண்டுதோறும் இரண்டு பேரையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடுவார்கள்! இரண்டு கட்டுரைகளும் சொன்னது ஒன்றே: சார்கோமியருக்குள் இருக்கும் எந்தப் புரத இழையும் மடிவதில்லை, தன் நீளத்தை மாற்றிக்கொள்வதும் இல்லை. தடித்த மையோசின் இழைகளுக்கு நடுவே மெல்லிய ஆக்டின் இழைகள் சறுக்கி உள்ளே போகின்றன, அவ்வளவுதான்.

மையோசினுக்குச் சின்னச் சின்னத் தலைகள் உண்டு. ஒரு தலை ஆக்டினைப் பிடிக்கும், சாய்ந்து இழுக்கும், விடும், நிமிரும், அடுத்த இடத்தைப் பிடிக்கும். ஒரு இழுப்பின் தூரம் ஏறத்தாழ 5 முதல் 10 நானோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரு ஏடிபி மூலக்கூறு செலவு; ஏடிபிதான் செல்லுக்கு ஆற்றல் தரும் எரிபொருள். கோடிக்கணக்கான தலைகள், எல்லாம் ஒரே நேரத்தில் அல்லாமல் முறை வைத்துச் செய்வதால் நமக்கு அது ஒரே சீரான அசைவாகத் தெரிகிறது.

ஐயமுடையான்

சரி, இது புரிகிறது. அப்படியானால் நீளும்போது அந்தத் தலைகளுக்கு என்ன ஆகிறது?

நாணும்தசையும்

வாத்தியார் ஐயா பிரமாதமாகச் சொல்லிவிட்டார், கோபமெல்லாம் இல்லை.

நீளும்போது தலை ஆக்டினைப் பிடித்திருக்கும். சாய்ந்து இழுத்து முடிப்பதற்குள் வெளி விசை அதைப் பின்னால் இழுத்து, பிடியிலிருந்து பிடுங்கிவிடும். அது உடனே பக்கத்தில் வேறு இடத்தைப் பிடிக்கும், மறுபடி பிடுங்கப்படும். இப்படிப் பிடுங்கப்படும் தலை முழுச் சுற்றை முடிக்காததால் ஏடிபி அவ்வளவாகச் செலவாவதில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு எதிர்க்கும் விசை பெரிது. இதோடு டைட்டின் என்ற புரதமும் சேர்ந்துகொள்கிறது. மனித உடம்பின் மிகப் பெரிய புரதம் அது. 30,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி, சார்கோமியரின் ஓரத்திலிருந்து நடுக்கோடு வரை ஓடி, இழுபடும்போது ஸ்பிரிங் போல விறைக்கும். அதனால் ஒரு தசை சுருங்கும்போது தூக்க முடியாத எடையை, இறக்கும்போது பிடித்து நிறுத்த முடியும்.

இதைக் காட்ட 1952இல் லண்டனில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று பேர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுற்றும் பெடலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். பெடலில் இரண்டு பேர் கொடுக்கும் விசையும் ஒன்றுதான். ஆனால் எதிர்த்துப் பிடித்தவர் செலவழித்த ஆக்சிஜன், மிதித்தவர் செலவழித்ததில் பாதிகூட இல்லை. இதை ராயல் சொசைட்டியில் செய்து காட்டியபோது, சிறிய உருவம் கொண்ட ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் எதிர்த்துப் பிடிக்க, மிதித்த ஆண் களைத்துப் போனாராம். சபையில் சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்.

படிதாண்டி சார், ஏறும்போது மூச்சு வாங்கியதும் இறங்கும்போது பேசிக்கொண்டே வந்ததும் இதனால்தான்.

படிதாண்டி

அருமை. ஆனால் செலவு குறைவு என்றால் சேதமும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறதே.

நாணும்தசையும்

செலவு குறைவு என்பதே சேதத்துக்கு வழி. விசை அதிகம் கிடைப்பதால் ஒரே எடையைத் தாங்க மூளை குறைவான இழைகளை மட்டும் வேலைக்கு அழைக்கிறது. வேலைக்கு வந்த ஒவ்வொரு இழையின் மேலும் பாரம் கூடுகிறது. 40,000 சார்கோமியர்கள் வரிசையாக இருக்கின்றன என்று ஐயா சொன்னாரே, அவை எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. பலவீனமான சில, மற்றவற்றைவிட அதிகமாக இழுபட்டு, ஆக்டினும் மையோசினும் ஒன்றின்மேல் ஒன்று படியாத அளவுக்குப் பிரிந்துவிடும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நேர்க்கோடாக இருக்க வேண்டிய சார்கோமியரின் எல்லைக்கோடு குழம்பித் தாறுமாறாகத் தெரியும். இழையின் சவ்வில் சிறு விரிசல் விழுந்து கால்சியம் உள்ளே கசியும், கிரியேட்டின் கைனேஸ் போன்ற என்சைம்கள் வெளியே இரத்தத்துக்குக் கசியும். அதன் பின் பழுதுபார்ப்பு தொடங்குகிறது. வெள்ளையணுக்கள் வரும், நீர் கோக்கும், அந்த இடத்திலுள்ள வலி நரம்புகள் எளிதில் சீறும் நிலைக்குப் போகும். சும்மா இருந்தால் வலிக்காமல் தொட்டாலோ நீட்டினாலோ மட்டும் வலிப்பது அதனால். பழுதுபார்ப்புக்கு நேரம் எடுப்பதால் வலியும் தாமதமாக வருகிறது.

எல்லா வலியும் இழைச் சேதத்தால்தானா, தசையைப் போர்த்தியிருக்கும் உறையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சேதத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் பொருந்துவதும் இல்லை.

உருவிவிடுவது பற்றி: செய்துகொள்ளுங்கள், இதமாக இருக்கும். அமிலம் எதுவும் கரையப்போவதில்லை.

தூக்குவோம்

சரி, மறுநாள் வலியை விட்டுவிடுகிறேன். ஆனால் செட் போட்டுக்கொண்டிருக்கும்போதே, கடைசி இரண்டு மூன்று முறையில் தசை எரிகிறதே? அதுவும் லாக்டிக் அமிலம் இல்லை என்று சொல்லாதீர்கள். எரிவதை நானே உணர்கிறேன்.

ஓய்வில்இருப்பவன்

தம்பி, உங்கள் எரிச்சலில் உண்மை இருக்கிறது. குற்றவாளியின் பெயரில்தான் சிக்கல்.

தசையில் தயாராக இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று நொடிக்குத்தான் காணும். அது குறையக் குறைய கிரியேட்டின் பாஸ்பேட் நிரப்பித் தரும். அதுவும் முழு வேகத்தில் பத்து நொடி போல. அப்புறம் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே அவசரமாக உடைக்கும் வழி. அந்த வழியின் முடிவில் உருவாவது லாக்டேட். கூடவே ஹைட்ரஜன் அயனிகள் பெருகி தசைக்குள் அமிலத்தன்மை கூடும், பாஸ்பேட்டும் சேரும். இந்தக் கலவையெல்லாம் சேர்ந்து நரம்பு முனைகளைக் குத்துவதுதான் நீங்கள் சொல்லும் எரிச்சல். எடையைக் கீழே வைத்த சில நிமிடங்களில் அது அடங்கிவிடுகிறதே, அதைக் கவனித்திருப்பீர்கள்.

லாக்டேட்டைக் கழிவு என்று நினைப்பது பழைய கதை. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையைத் தனியே எடுத்துத் தூண்டினார்கள். களைத்த தசையில் லாக்டிக் அமிலம் குவிந்தது, ஆக்சிஜன் கொடுத்தால் குறைந்தது. அதன்பின் ஹில், மேயர்ஹாஃப் இருவரும் இந்த வழியில் ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். எல்லாம் சரியான வேலைதான். ஆனால் வெட்டி எடுத்த தசைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. உருவானது போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தது. உயிருள்ள உடம்பில் அப்படிக் கிடக்க விடுவதில்லை. பக்கத்து இழையே அதை எரித்துக்கொள்ளும், இதயம் விரும்பி உண்ணும், கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்கி அனுப்பும். இந்தக் கடைசிச் சுற்றைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947இல் நோபல் கிடைத்தது.

தூக்குவோம்

இதயம் லாக்டேட்டைச் சாப்பிடுமா! இதை நாளை ஜிம்மில் சொல்லிப் பார்க்கிறேன், யாரும் நம்பப்போவதில்லை.

இரண்டாமாண்டு

மருத்துவம் படிக்கிறேன், தசைப் பாடம் இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறது. இழுக்கத்தான் ஏடிபி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிடியை விடவும் ஏடிபி வேண்டும். புது ஏடிபி வந்து ஒட்டினால்தான் மையோசின் தலை ஆக்டினை விடும். இன்னொன்று, நரம்பிலிருந்து செய்தி வந்ததும் இழைக்குள் ஒரு வலைப்பையிலிருந்து கால்சியம் வெளியே வரும். அது ட்ரோபோனின் என்ற பூட்டைத் திறந்தால்தான் ஆக்டினில் பிடிப்பதற்கு இடமே தெரியும். வேலை முடிந்ததும் அந்தக் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைக்க வேண்டும். அந்த இறைப்புக்கும் ஏடிபிதான். ஆக, தளர்வது சும்மா நடப்பதில்லை.

இறந்த பிறகு உடல் விறைப்பது இதனால்தான். ஏடிபி தயாரிப்பு நின்றுவிட, பிடித்த தலைகள் பிடித்தபடியே நிற்கும். சில மணி நேரத்தில் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் முழு விறைப்பு வரும். பிறகு புரதங்கள் சிதையத் தொடங்கும்போது தளரும். வெப்பநிலையைப் பொறுத்து நேரம் கூடும், குறையும்.

ஐயமுடையான்

அப்போ இதயம்? அதுவும் தசைதானே. கால் பிடித்துக்கொள்வது போல இதயம் ஏன் பிடித்துக்கொள்வதில்லை?

இரண்டாமாண்டு

எலும்பை அசைக்கும் தசையில் ஒரு மின்துடிப்புக்கு அப்புறம் சில மில்லிநொடிகளில் அடுத்த துடிப்பை ஏற்க முடியும். அதனால் துடிப்புகளை அடுக்கடுக்காகக் கொடுத்தால் அது தளராமல் இறுகியே நிற்கும். இதயத்தசைக்கு ஒரு துடிப்புக்குப் பிறகு சுமார் கால் நொடி எந்தத் தூண்டலையும் ஏற்காத இடைவெளி உண்டு. அதற்குள் சுருக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த இடைவெளி இல்லையென்றால் நாளுக்கு ஒரு லட்சம் முறை நிரம்பிக் காலியாகும் வேலை நடக்காது. குடல், இரத்தக்குழாய், கருப்பையில் உள்ள மென்தசை மூன்றாவது வகை. மெதுவாக இழுக்கும், குறைந்த செலவில் நெடுநேரம் பிடிக்கும். அதில் ட்ரோபோனின் கிடையாது, பூட்டு வேறு மாதிரி. அதற்குத் தனிப் பதிவு தேவைப்படும், இங்கே தொடவில்லை.

விரல்நுனி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் வீணை கற்றுக்கொள்கிறேன். மோதிர விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. விரலில் உள்ள தசையைப் பலப்படுத்த ஏதாவது பயிற்சி உண்டா?

நாணும்தசையும்

விரலுக்குள் அசைக்கும் தசையே கிடையாதே! விரலில் இருப்பது எலும்பும் நாணும் தோலும்தான். ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும் துளியூண்டு மென்தசைகள் முதுகுப் பக்கத்துத் தோலில் இருக்கும், அவ்வளவே. விரலை மடக்கும், நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. நுணுக்கமாக ஆட்டும் சிறிய தசைகள் உள்ளங்கையில். ஒரு கையால் மற்ற முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களைப் பியானோ வாசிப்பது போல ஆட்டிப் பாருங்கள், முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் தசைகள் நெளிவது கையில் தெரியும்.

மோதிர விரல் விஷயம் இது. உள்ளங்கையை மேசையில் பதித்து, நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளே வையுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்குங்கள், வரும். ஆள்காட்டி விரல் வரும், சுண்டு விரல் வரும். மோதிர விரலைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒட்டிவைத்தது போல இருக்கும். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நீட்டுவதற்குத் தனியாகவும் ஒரு தசை உண்டு. நடுவிரலும் மோதிர விரலும் பொதுத் தசையையே நம்பியிருக்கின்றன. போதாக்குறைக்குப் புறங்கையில் அவற்றின் நாண்களைக் குறுக்குப் பட்டைகள் இணைக்கின்றன. நடுவிரலை மடக்கினால் அந்தப் பட்டை மோதிர விரலின் நாணையும் முன்னால் இழுத்துத் தொய்ய வைத்துவிடும். உங்கள் பயிற்சிக் குறைவு இல்லை, அமைப்பே அப்படி. கொஞ்சம் மேம்படுத்தலாம், முழுச் சுதந்திரம் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாமாண்டு

இதோடு இன்னொன்றும் செய்து பாருங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட வைத்து மணிக்கட்டை லேசாக உள்நோக்கி மடக்கினால், மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் கயிறு போல எழும்பி நிற்கும். அது பால்மாரிஸ் லாங்கஸ் தசையின் நாண். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு அது இருக்காது. இல்லாவிட்டாலும் பிடியின் பலத்தில் கவனிக்கும்படியான குறை இல்லை. அதனாலேயே வேறு இடத்தில் நாண் அறுந்தால் அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே வைத்துத் தைக்கிறார்கள்.

படிதாண்டி

எனக்கு வலது கையில் இருக்கிறது, இடது கையில் இல்லை!

தூக்குவோம்

இரண்டிலும் இருக்கிறது. அதிலாவது நான் ஜெயித்தேன்.

ஐயமுடையான்

எனக்கு இரண்டிலும் இல்லை. அமைதியாக இருந்துகொள்கிறேன்.

தூக்குவோம்

ஒரு சீரியஸ் கேள்வி. புதிதாக வருபவர்களுக்கு முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும், ஆனால் கை சுற்றளவு அப்படியே இருக்கும். இதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். தசை வளராமல் பலம் எங்கிருந்து வருகிறது?

இரண்டாமாண்டு

நரம்பிலிருந்து. ஒரு நரம்பணுவும் அது ஆட்டிவைக்கும் இழைகளும் சேர்ந்தது ஒரு இயக்க அலகு. கண்ணைத் திருப்பும் தசையில் ஒரு நரம்பணுவுக்குப் பத்து இழைகள் போலத்தான், அதனால்தான் அவ்வளவு நுணுக்கம். கெண்டைக்கால் தசையில் ஒரு நரம்பணுவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் இழைகள். மூளை எப்போதும் சிறிய அலகுகளை முதலில் அழைக்கும், தேவை கூடக்கூடத்தான் பெரியவற்றை அழைக்கும். புதிதாகப் பழகுபவரால் பெரிய அலகுகளை முழுமையாக, வேகமாக அழைக்க முடியாது. எதிர்த்தசையும் தேவையில்லாமல் இறுகிக்கொண்டிருக்கும். முதல் வாரங்களில் சீராவது இதுதான். அப்புறம்தான் இழை பருக்கிறது. இழையின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றும் தடிக்கிறது. தேவைப்படும்போது இழையின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் துணைச்செல்கள் பெருகி இழையோடு சேர்ந்து புது உட்கருக்களைக் கொடுக்கும். இந்தச் செல்களை 1961இல் அலெக்சாண்டர் மாரோ கண்டறிந்தார். சேதத்தைச் சரிசெய்வதும் இவைதான்.

ஓய்வில்இருப்பவன்

எடை பற்றி ஒரு கணக்கு. உள்ளங்கையில் 5 கிலோ வைத்து முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி நில்லுங்கள். எடை மூட்டிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் நாண் ஒட்டியிருப்பதோ மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் போல. ஏழில் ஒரு பங்கு தூரம். அப்படியானால் தசை இழுக்க வேண்டிய விசை 35 கிலோ எடைக்குச் சமம், கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே. இழப்புதானே என்றால், இல்லை. தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகரும். விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறது உடம்பு. எறிவதற்கும் ஓடுவதற்கும் அதுதான் வேண்டும்.

நாணும்தசையும்

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போகக் கூடாது. பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு தசை மிகவும் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் பழுப்பாக, கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசைச் செல்கள் பெருமளவில் உடைந்து, உள்ளே இருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் கெடலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாதாரண வலி என்றால் சில நாளில் தானே போகும். இன்னொரு நல்ல செய்தி: அதே வேலையை அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரே ஒரு முறை செய்ததே தசையைத் தயார்படுத்திவிடுகிறது. வலி முழுதும் போகும் வரை படுத்திருக்கத் தேவையில்லை, லேசாக நடக்கலாம்.

மெதுவாகத்தான்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. நடந்தால் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, நாற்காலியிலிருந்து எழ ஒரு உந்து வேண்டியிருக்கிறது. நீளும் தசைக்குச் செலவு குறைவு, விசை அதிகம் என்றீர்களே அம்மா. அது என்னைப் போன்றவர்களுக்கு உதவுமா?

நாணும்தசையும்

நல்ல கேள்வி ஐயா. முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வயது ஏற ஏற வேகமும் கூடும். வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் முதலில் மெலிகின்றன. தடுக்கி விழும்போது சட்டென்று காலை ஊன்ற வேண்டியவை அவைதான். பலப்படுத்த வேண்டுமென்றால் தசைக்குப் பாரம் வேண்டும், ஆனால் இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம். அங்கேதான் இறங்கும் வகைப் பயிற்சி கைகொடுக்கிறது. குறைந்த மூச்சில் அதிக பாரம். நாணில் வரும் வலிக்கும் இதே வழிதான். 1998இல் ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் என்பவரின் குழு, குதிநாண் வலி உள்ளவர்களுக்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியை மட்டும் கொடுத்து நல்ல பலன் கண்டது. இன்றும் நாங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

உங்களுக்கு: கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி, சுவரை ஒட்டிப் போடுங்கள். எழுவதற்குக் கையை ஊன்றிக்கொள்ளலாம், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். உட்காரும்போது மட்டும் தொப்பென்று விழாமல், மனதில் ஐந்து எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். முதல் வாரம் நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இரண்டாம் நாள் தொடை லேசாகப் பிடித்தால் பயப்பட வேண்டியதில்லை. முழங்கால் மூட்டுக்குள்ளேயே குத்தினாலோ நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதய நோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவராக இருந்தால் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மெதுவாகத்தான்

மருந்து எதுவும் இல்லை அம்மா. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன்.